ஏ தரம் வாங்கிய லைன் வீடு

இருட்டினால் போதும், திருப்பூரின் அந்த லைன் வீட்டில் 'கர்ர்ர்' என்றொரு சத்தம் எழும். பேயுமல்ல, பெருச்சாளியுமல்ல. கரையான் தின்ற நிலைச்சட்டத்தில் தாழ்ப்பாள் நிற்காததால், பெண்கள் கேஸ் சிலிண்டரை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம். முதல் வீட்டில் கைக்குழந்தையோடு செலின். அடுத்த வீட்டில் சிறுமகளோடு மாரீஸ்வரி. இருவர் கணவன்மாருக்கும் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். ஒருநாள் யாரோ வெளியிலிருந்து செலின் வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

வீட்டுக்காரர் பொன்னுச்சாமி லைனை விற்கப் பார்த்தார். வாங்குகிற வெளியூர் முதலீட்டாளர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை, ஆள் அனுப்பி எழுதி வாங்கும் தரத்தைத்தான் பார்ப்பார்கள். குடியிருப்பவர் பயமின்றி நிலைத்திருந்தால் 'ஏ'. குறை சொன்னால் 'சி'. பொன்னுச்சாமி செலினிடம் வந்தார்.

"அம்மிணி, தரம் போடறவரு உங்களத்தான் கேப்பாரு. நல்லபடியாச் சொல்லிப்போடுங்க. வித்ததும் உங்களுக்குப் புது நிலை, புதுத் தாழ்ப்பாள்."

"மாரீஸ்வரி அக்காவுக்கு?"

"ஒண்ணுதானுங்க முடியும்."

தரம் போடுகிறவர் வந்தார். அடுப்படியிலிருந்து கதவு வரை தரையில் ஓடிய கீறல்களைக் குனிந்து பார்த்தார்.

"தாழ்ப்பாள் இல்லையேம்மா?"

"தேவையே படல சார். அவ்வளவு பாதுகாப்பான இடம்."

பொய் பாவமென்று கன்னியாஸ்திரிகளிடம் படித்த வாய். சொன்னதும் கசந்தது.

அவர் வாசலில் மகளோடு நின்ற மாரீஸ்வரியிடம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவதான் சார் படிச்சவ. அவளையே கேளுங்க."

அவர் கால்மிதியைக் காலால் நகர்த்திக் கதவோரக் கீறல்களை மூடினார். 'ஏ' என்று எழுதினார்.

லைன் விலைபோனது. செலினுக்குப் புது நிலையும் தாழ்ப்பாளும் வந்தன. 'ஏ' தர வீட்டுக்கு எதற்குச் செலவு என்று புது முதலாளி மற்றக் கதவுகளைத் தொடவில்லை.

பொய்யைக் கேட்டு வாங்கியவர், சொன்னவள், தெரிந்தே எழுதியவர், தெரிந்தும் காட்டிக்கொடுக்காதவள். சொல்லுங்கள் பார்ப்போம், இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை: யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். பொன்னுச்சாமிக்கு விலை, எழுதியவருக்குக் கூலி, செலினுக்குத் தாழ்ப்பாள். ஒன்றும் கிடைக்காதவள் மாரீஸ்வரி மட்டுமே. அவள் வாயைத் திறந்திருந்தால் செலினுக்கும் கிடைத்திராது. அவள் செய்ததே சரி. செலினுக்கு இந்த விடை முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது. புதுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது பக்கத்து வீட்டில் 'கர்ர்ர்' கேட்டது. கையை எடுத்தாள். போய்க் கூப்பிட்டாள். "அக்கா, நான்தான். பாயை எடுத்துட்டு இங்க வந்துருங்க."

மாரீஸ்வரி தூங்குகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "பாதுகாப்பான இடமாச்சே, செலினு?"

செலின் அவளிடமிருந்து பாயை வாங்கிக்கொண்டாள். அவர்கள் உள்ளே வந்தபின் தாழ்ப்பாளைப் போட்டாள்.