மாதா முகத்துல கோடு

இத்தாலியில மலை மேல காஸ்தெல்வேரோன்னு ஒரு சின்ன ஊரு. அங்க நிலம் நடுங்கி மூணு வருஷம் ஆயிருந்துச்சு. கோயில் சுவத்துல இருந்த மாதா படத்தோட முகம் மட்டும் பொடியா உதிந்து போச்சு. நீலப் போர்வை இருக்கு, மடியில குழந்தை இருக்கு, முகம் இருந்த எடத்துல வெறும் காரை.

அதச் சரி பண்ண ரோம்லருந்து ஒர்னெல்லான்னு ஒரு பொண்ணு வந்தா. முப்பத்தி நாலு வயசு. அவகிட்ட சிஷ்யனா சேந்தவருக்கு அறுபத்தி மூணு. எத்தோரேன்னு பேரு. அந்த ஊருக்கே ரொட்டி சுட்டுப் போட்டவரு.

ரொட்டின்னதும் ஒண்ணு சொல்லணும். அங்கெல்லாம் ரொட்டிய மேசையில கவுத்து வெச்சா பதறிப் போயிடுவாங்க. அந்தக் காலத்துல மரண தண்டனைக் கைதிங்க தலைய வெட்டுறவனுக்குன்னு எடுத்து வெக்கிற ரொட்டியத்தான் கவுத்து வெப்பாங்களாம். எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதல்ல ரொட்டி நிமிந்து இருக்கான்னு பாத்துக்கணும். சரி, எத்தோரே கதைக்கு வரேன்.

நடுக்கத்துல அவரோட அடுப்பு போச்சு, வீடு போச்சு, வீட்டுக்குள்ள இருந்த சம்சாரம் நுன்சியாவும் போயிட்டா. அவளோட ஒரு போட்டோ கூட மிஞ்சல. ஆனா நுன்சியா கோயில் மாதா மாதிரியே இருப்பான்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அந்த முகம் திரும்ப வேணும்னுதான் அவர் தொழில் கத்துக்க வந்தாரு. அத யார்கிட்டயும் சொல்லல.

ஒர்னெல்லாவ அவர் 'மயெஸ்த்ரா'ன்னுதான் கூப்பிடுவாரு. டீச்சரம்மான்னு அர்த்தம். காப்பிக்கடையில ஒரே கிண்டல்.

"என்ன எத்தோரே, டீச்சரம்மா வீட்டுப்பாடம் குடுத்தாளா?"

"குடுத்தா. உன் வாயில காரை பூசச் சொன்னா."

அங்க காப்பின்னா ரெண்டு மடக்கு, நின்னபடியே குடிச்சுட்டுப் போயிடுவாங்க. காலையில பதினோரு மணி தாண்டி பால் காப்பி கேட்டுப் பாருங்க. கடைக்காரன் மூஞ்சியப் பாத்தா, நம்ம ஏதோ கோயிலுக்குள்ள செருப்போட போயிட்ட மாதிரி இருக்கும். நான் கேட்டு, அனுபவிச்சு, திரும்பி வந்தேன்.

ஒரு வருஷம் எத்தோரே சுண்ணாம்பு கலக்கினாரு, விரிசல் அடைச்சாரு. மாவு பிசைஞ்ச கை, சொன்னபடி கேட்டுச்சு. அப்புறம் ஒரு நாள் ஒர்னெல்லா மெல்லிசா ஒரு தூரிகைய அவர் கையில குடுத்தா. பழைய கல்யாண போட்டோ ஒண்ணையும் குடுத்தா. யாரோ பொண்ணு மாப்பிள்ள நிக்கிறாங்க, பின்னாடி சுவத்துல மாதா, முகம் முழுசா.

"இதப் பாத்து முகத்தக் கொண்டு வாங்க. ஆனா பூசக் கூடாது. கோடு மட்டும்தான். மேலருந்து கீழ, மயிரிழை மாதிரி, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. ரிகாதினோன்னு பேரு."

ரிகாதோனின்னு கோடு கோடா இருக்கிற ஒரு பாஸ்தா அங்க வீட்டுக்கு வீடு வேகும். எத்தோரே கேட்டாரு: "மாதாவ மாக்கரோனி ஆக்கணுமா, மயெஸ்த்ரா?"

ஒர்னெல்லா சிரிச்சுட்டா. எத்தோரே சிரிக்கல.

"எதுக்குக் கோடு?"

"போட்டு முடிங்க. அப்புறம் கேளுங்க."

சனிக்கிழமை அவ ரோமுக்குக் கெளம்பிட்டா. ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாடு அம்மா வீட்டுலதான். அங்க அதுல மாத்தமே கெடையாது. காலையிலயே தக்காளிக் கொழம்பு அடுப்புல ஏறிடும், மதியம் வரைக்கும் சின்னத் தீயில முணுமுணுன்னு கெடக்கும். மாப்பிள்ள பெரிய அதிகாரியா இருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்து உக்காந்தாகணும்.

அந்த ரெண்டு நாள்ல எத்தோரே முகத்த வரைஞ்சு முடிச்சுட்டாரு. கோடே இல்ல. வழவழன்னு பூசிட்டாரு.

திங்கக்கிழமை ஒர்னெல்லா வந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"இது யாரு?"

"மாதா."

"போட்டோவுல தாடையில குழி இல்லையே."

எத்தோரே தூரிகையத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "என் சம்சாரம்."

"சரி."

"அழிச்சுடாதீங்க, மயெஸ்த்ரா. ஒரு தரம் பொதைச்சுட்டேன். போதும்."

"நான் கை வெக்க மாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை கோயிலத் தொறப்போம். நீங்க படத்துக்குப் பக்கத்துல உக்காருங்க. வர்றவங்க பேசுறதக் கேளுங்க. பதில் மட்டும் சொல்லக் கூடாது."

ஞாயித்துக்கிழமை ஊரே வந்துச்சு. "நுன்சியா!"ன்னு ஒருத்தி ஓன்னு அழுதா. காப்பிக்கடையில கிண்டல் பண்ணவன் கூட வந்து ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டுப் போனான். எத்தோரே முகத்துல நாலு வருஷம் கழிச்சு ஒரு வெளிச்சம்.

மதியத்துக்கு மேல வெளியூர் அம்மா ஒருத்தங்க வந்தாங்க. கதவு தொறந்துதான் கெடக்கு, இருந்தாலும் வாசல்ல நின்னு "பெர்மெஸ்ஸோ?"ன்னு கேட்டாங்க. உள்ள வரலாமான்னு அர்த்தம். கூப்பிட்ட வீட்டுக்குப் போனாக் கூட அங்க அதக் கேக்காம உள்ள கால் வெக்க மாட்டாங்க.

அந்தம்மா மாதா முகத்துக்கிட்ட, மூக்கு தொடுற அளவுக்குப் போய் பாத்தாங்க. ஒரு மெழுகுவத்தி ஏத்துனாங்க.

"தாயே, நல்ல வேளை. மலையில பெரிய நடுக்கம்னாங்க. இந்த ஊர்ல ஒண்ணும் நடக்கல போலிருக்கு."

எத்தோரே வாயத் தொறந்தாரு. பதில் சொல்லக் கூடாதே, மூடிக்கிட்டாரு. அந்தம்மா சிலுவை போட்டுக்கிட்டு, சந்தோஷமா அவரப் பாத்துத் தலையாட்டிட்டுப் போனாங்க.

சாயங்காலம் ஒர்னெல்லா ரோம்லருந்து திரும்பி, கதவச் சாத்த வந்தப்போ அவர் அதே எடத்துல உக்காந்திருந்தாரு.

"பதினோரு பேரு செத்தோம் மயெஸ்த்ரா, இந்த ஊர்ல." செத்தோம்னுதான் சொன்னாரு. "அந்தம்மாவுக்குத் தெரியல. நான்தான் பூசி மறைச்சுட்டேன்."



அவரே எழுந்து வாளியில தண்ணியும் ஒரு பஞ்சும் கொண்டு வந்தாரு. தண்ணிச் சாயம்தான், தொட்டதும் வந்துடும். முதல்ல நெத்தியத் தொடைச்சு எடுத்தாரு. அப்புறம் கண்ணு. தாடைக் குழிக்கு வந்தப்போ பஞ்ச அங்கேயே கொஞ்ச நேரம் வெச்சிருந்தாரு. அப்புறம் அதையும் எடுத்துட்டாரு.

மறுநாள் கோடு போட உக்காந்தாரு. போட்டோவுல உள்ளபடி. நாலு மாசம் ஆச்சு.

முடிஞ்ச அன்னைக்கு ஒர்னெல்லா அவர வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் திரும்பிப் பாக்கச் சொன்னா. அங்கருந்து பாத்தா முகம் முழுசா இருந்துச்சு. ஊர்க்காரங்க சொன்னது பொய்யில்ல, நுன்சியா சாடை அப்படியே இருந்துச்சு.

எத்தோரே அத நோக்கி நடந்தாரு. பாதி தூரத்துல முகம் லேசா நடுங்குச்சு. கிட்டப் போனப்போ கோடு கோடாப் பிரிஞ்சுது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல வெள்ளைக் காரை. அவர் நாலடி பின்னால நகந்தாரு, மறுபடி முன்னாடி போனாரு.

"மயெஸ்த்ரா, அங்க நின்னா இருக்கா. கிட்ட வந்தா காணோம். இது என்ன தொழில்?"

ஒர்னெல்லா கேட்டா: "நுன்சியாவ நெனைக்கிறப்போ உங்களுக்கு வேற மாதிரியா இருக்கு, எத்தோரே?"