கப்பல் ஏறிய கவிதை

கப்பல்கள் காற்றின் சொற்கேட்டு நடந்த காலத்தில், கீழைக் கடலோரத்தில் பவளப்பட்டினம் என்றொரு துறைமுகம் இருந்தது. அங்கே முத்துநங்கை என்னும் புலமைப் பெண் ஒருத்தி வாழ்ந்தாள். அருஞ்சொல் ஆள்வதில் அவளுக்கு நிகரில்லை. அரசவையில் அவள் பாடினால், பொருள் விளங்காதவர்களே முதலில் தலையசைப்பார்கள்.

கேளுங்கள், குழந்தைகளே. அவளுடைய கணவன் அந்துவன் துணிப் பொதிகளோடு கீழைத் தீவுக்குப் போனவன். அடுத்த வாடைக்காற்றில் திரும்புவேன் என்றான். மூன்று முறை வாடை வீசியது, அவன் வரவில்லை. அங்கேயே வீடு கட்ட மனை பார்த்துவிட்டான் என்னும் செய்திதான் வந்தது. அந்த வீடு எழும்பிவிட்டால் அவன் இனித் திரும்பமாட்டான் என்பதை அவள் அறிவாள்.

ஓலை எழுதி அனுப்பக்கூடாதா என்பீர்கள். எழுத்து ஏறிய கப்பலுக்குக் காற்று முகம் கொடுக்காது என்பது அவ்வூர் மாலுமிகளின் நம்பிக்கை. செய்தியெல்லாம் வாய்வழியேதான் போகும். அனுப்புபவர் மூன்று முறை சொல்லலாம். மாலுமி பிழையின்றித் திருப்பிச் சொன்னால் செய்தி கப்பல் ஏறும். இல்லையேல் கரையிலேயே நின்றுவிடும்.

கப்பலைக் கீழ்த்திசைக்கு ஓட்டும் மேல்காற்று எழுந்தது. கப்பல் புறப்படும் நாள் நெருங்கியது. முத்துநங்கை நெடும்பாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனாள். கொற்றன் என்னும் முதிய மாலுமி, கயிறு திரித்தபடியே மூன்று முறையும் பொறுமையாகக் கேட்டான். நான்காம் அடியில் அவன் நா தடுமாறிற்று.

"தாயே, இதில் பாதி நடுக்கடலில் கொட்டிப்போகும். மீதியை மீனுக்குத்தான் சொல்ல வேண்டும்" என்றான்.

அவளுக்குச் சினம் பொங்கிற்று. அத்தனை அடிகளையும் ஒரேயடியாக வெட்டி எறிந்தாள். "விரைந்து வருக" என்னும் இரண்டு சொற்களை மட்டும் கொண்டுபோனாள்.

கொற்றன் உடனே திருப்பிச் சொன்னான். பிறகு சிரித்தான்.

"இதை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புகிறார்கள், தாயே. எவள் எவனுக்குச் சொன்னாள் என்று எனக்கே குழம்பிவிடும். போன முறையும் தீவில் சொன்னேன். 'சரி, சரி' என்று கேட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்."

முத்துநங்கை தலைகுனிந்து வீடு திரும்பினாள். அடுப்பங்கரையில் அமர்ந்து, முதலில் கட்டிய பாடலை மனத்துள் எடுத்தாள். அதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துக் கேட்டாள்: நீ அவருக்காக வந்தாயா, அவைக்காக வந்தாயா?

திங்கள் அவைக்காக வந்திருந்தது. தாமரை அவைக்காக வந்திருந்தது. அவள் மிகவும் விரும்பிய, அரசனே எழுந்து நின்று போற்றிய அந்த அருஞ்சொல்லும் அவைக்காகவே வந்திருந்தது. அதை நீக்குகையில் மட்டும் அவள் விழி கலங்கிற்று. முடிவில் பாடலில் ஒன்றுமே எஞ்சவில்லை.

அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததை அப்படியே எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். கப்பலில் பாய் விரிந்துகொண்டிருந்தது.

"அவரிடம் இப்படிச் சொல்லுங்கள், ஐயா. தயிர் உறியை உங்கள் கைக்கு எட்டும்படி கட்டிவிட்டுப் போனீர்கள். எனக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்கிறேன். இன்னும் இறக்கிக் கட்டவில்லை."

கொற்றன் இம்முறை சிரிக்கவில்லை. ஒரே முறை கேட்டான். ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினான்.

தீவில் அந்துவன் தன் மனையில் நின்று, தூண் நாட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். கொற்றன் அருகே போய்ச் செய்தியைச் சொன்னான். அந்துவன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். குழி தோண்டியவர்கள் அடுத்த தூண் எங்கே என்று கேட்டதுகூட அவன் செவியில் விழவில்லை.

"வாடை எப்போது எழும், கொற்றா?" என்று மட்டும் கேட்டான்.

ஆதலால், பிறர் வியக்கத் தேடிய சொல்லையும் எவரும் சொல்லும் சொல்லையும் ஒருங்கே களைந்து, தான் வாழ்ந்தறிந்த சொல்லை மட்டும் நிறுத்துபவரின் கவிதையே கடல் கடந்தும் நெஞ்சைச் சென்றடையும்.