பின் சக்கரத்தில் ஒரு பிடிப்பு

"'லிட்டருக்கு முப்பது கூடக் கொடுக்க மாட்டேங்குது. வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியா?' எங்க வீட்டுக்காரர் சொன்னது இதே வார்த்தை, மைதீன். ஒரு எழுத்து நான் சேர்க்கல."

மெக்கானிக் மைதீன் பிச்சை ஒரு பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க, அக்கா?"

"பெட்ரோலைக் குடிச்சிருந்தா உங்க பேச்சுக்கு இந்நேரம் பத்திக்கிட்டிருப்பேன்னு சொன்னேன்."

"அதுக்கு அண்ணாச்சி?"

"மாசக் கடைசியில வண்டியை வித்துடுவாராம்."

பெலிசிட்டா ஸ்கூட்டர் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பது வயதில். கற்றுக்கொடுத்தவர் மைதீன், அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் நாள் அவர் சொன்ன பாடம் ஒரே வார்த்தை. "விழுங்க."

விழுந்தாள். அன்றிலிருந்து அவர்தான் குரு.

துறைமுகச் சாலையைத் தாண்டி ஒரு மீன் கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு வாரம் மூன்று நாள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வண்டி போனால் வகுப்பும் போயிற்று.

"ஏர் பில்டர் மாத்தியாச்சு. டயர்ல காத்து சரியா இருக்கு. வேகம் நாற்பதைத் தாண்டுறதே இல்ல, சைக்கிள்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு முந்துறான். நாற்பத்தெட்டு கொடுத்த வண்டிதானே இது? அந்தப் பெட்ரோல் எங்கதான் போகுது?"

"வீட்டுல வண்டியை யாரு பாத்துக்கிடுதா?"

"அவர்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்ததும் கழுவி, துடைச்சு, நட்டு போல்ட்டெல்லாம் தொட்டுப் பாத்து... என்னை ஒரு நாள் அப்படி விசாரிச்சது கிடையாது."

மைதீன் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்தார். குடிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் அதைப் பின் சக்கரத்தின் நடுவில் ஊற்றினார்.

சுர்ரென்று ஆவி வந்தது.

"அங்க போகுது."

"புரியல."

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினார். "சக்கரத்தைக் கையால சுத்துங்க."

சுற்றினாள். கால் சுற்று போய் நின்றது. பல்லைக் கடித்துச் சுற்றினாள். அதே கால் சுற்று.

மைதீன் ஸ்பேனரை எடுத்து, பிரேக் கம்பி முனையில் இருந்த நட்டைத் தளர்த்தினார். மூன்று சுற்று.

"இப்ப."

ஒரு விரலால் தள்ளினாள். சக்கரம் சுழன்றது. நிற்கவே இல்லை.

"பிரேக்கு! நான் அமுக்காமலே பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு!"

மைதீன் குனிந்தார். நட்டை மறுபடி முறுக்கினார். எண்ணி, அதே மூன்று சுற்று.

சக்கரம் நின்றது.

"பைத்தியமா உனக்கு? ஏன் திரும்ப முறுக்குற?"

"ஞாயித்துக்கிழமை எப்படியும் முறுகிரும், அக்கா."

குனிந்து அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப வேணும்னே செய்றாரா?"

"அண்ணாச்சிக்குப் பிடிப்பு ஜாஸ்தி."

"எதுல? பிரேக்குலயா? என் மேலயா?"

மைதீன் அடுத்த பிளக்கை எடுத்தார்.

"எதுன்னு சொல்லித் தொலையேன்!"

"சக்கரத்துக்கு அது தெரியுமாக்கா?"

இதற்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தாள். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றும் யோசித்தாள். வண்டி முனகிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வாசலுக்கு வந்தாள். அவள் கணவர் அமலதாஸ் பழைய பனியனோடு வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். கையில் ஸ்பேனர்.

"என்ன பண்றீங்க?"

"அரைச் சுத்து. கார்த்திகை மழையில நீ சறுக்கி விழுந்தியே, அதிலிருந்து பிரேக்கு நல்லாப் பிடிக்கட்டும்னு வாரா வாரம் அரைச் சுத்து முறுக்குறேன். லாரி போற ரோடு. நீ திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு இங்க உசுரு உசுரா இல்ல."

திட்டுவதற்கு நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். இரண்டு இங்கிலீஷில். இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதற்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது?

கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா, தெரியவில்லை.

குனிந்து சக்கரத்தைச் சுற்றினாள்.

கால் சுற்று.

அவர் பார்த்தார். தானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். நின்ற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... மைலேஜு..."

"ம்."

"ஆனா லாரி போற ரோடு, பெலிசிட்டா."

ஸ்பேனர் அவர் நெஞ்சோரம் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அவள் கையை நீட்டினாள்.

"அதை இப்படிக் கொடுங்க."