சுகாதாரக் கூட்டத்தில் உப்பில்லாக் கஞ்சி

“சோறு போட வந்தவ திட்டத்துக்கு யோசனை சொல்றதா? ஜனங்களுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும்,” என்று எரிந்து விழுந்தார் செயலாளர் தர்மசேகரம்.

அமைச்சர் தலைமையில் நாட்டுக்கே சுகாதாரத் திட்டம் போடும் கூட்டம் அது. கேன்டீன் செல்லக்கனி கேட்டது ஒன்றுதான். பன்னிரண்டு மணிக்கே மூடுகிற ஆஸ்பத்திரிக்கு, கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வருவது?

அவள் சமையலறைக்குள் போனாள். மத்தியானம் பிரியாணிக்குக் காத்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேர் முன்னாலும் உப்பில்லாத நொய்க்கஞ்சி வந்து உட்கார்ந்தது.

“யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?” என்று கத்தினார் தர்மசேகரம்.

“யாரையும் கேக்கலீங்க சார். சாப்பிடறவங்களுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?”

அமைச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தர்மசேகரம் கஞ்சியைத் தள்ளி வைத்தார். செல்லக்கனி கரண்டியோடு நிமிர்ந்து நின்றாள்.

“பிரியாணியும் தயாராத்தான் இருக்கு. முதல்ல ஆஸ்பத்திரியைச் சாயங்காலமும் திறப்பீங்களான்னு சொல்லுங்க சார்.”