ஊசி ஒடியாத அளவு

தையல்காரர் இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய யோகா டீச்சர் மரகதவல்லிக்கு முப்பது.

இடுப்பு வலியால் இருதயராஜால் மிஷினில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. அடுத்த மாதம் மகளுக்கு சர்ச்சில் கல்யாணம். கல்யாண கவுனைத் தன் கையால்தான் தைப்பேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கவலையில்தான் டீச்சரிடம் வந்தார்.

முதல் நாள் டீச்சர் அவரை மல்லாந்து படுக்கச் சொன்னாள். ஒரு காலை மடக்கி ஊன்றவைத்து, மறு காலின் பாதத்தில் துண்டை மாட்டி, மெதுவாக மேலே தூக்கவைத்தாள். தொடையின் பின்பக்கம் விறைத்துக்கொண்டது.

"டீச்சர், வலி இடுப்புல. நீங்க எதுக்குத் தொடையைப் போட்டு வாட்டுறீங்க?"

"அண்ணே, உட்கார்ந்தா பின்னாடி இடுப்பைக் கீழே இழுக்குதுன்னு ஒருத்தர் பேன்ட்டைக் கொண்டு வந்தா என்ன செய்வீங்க?"

"தொடை டைட்டா இருக்கும். அதைப் பிரிச்சு லூஸ் பண்ணுவேன். இடுப்புல கை வச்சுப் பிரயோஜனம் இல்ல."

சொல்லிவிட்டுத் தன் தொடையைத் தானே தடவிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் தொழில் புத்தி லேசில் விடுமா? வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தார். கைவிரலுக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இஞ்சு டேப்பால் அளந்தார். பதினொன்று. மறுநாள் பத்தரை. நாலாம் நாள் ஒன்பதுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று வெடுக்கென்று குனிந்தார். அவரைத் தூக்கி நிறுத்த மனைவி ஓடிவர வேண்டியிருந்தது.

இரண்டு நாள் வகுப்புக்கு ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் கடைக்கே போனாள். இருதயராஜ் மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கவுன் துணி கவரைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதைக் காட்டும்போது அவருக்குக் கண் கலங்கியது.

இஞ்சுக் கணக்கையெல்லாம் டீச்சர் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தைக்கச் சொல்லிக் கொடுங்க."

ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தாள். சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் பின்னாலிருந்து துணியைப் பிடித்து இழுத்தாள்.

"இழுக்காதீங்க!"

டக்கென்று ஊசி ஒடிந்தது.

"என்ன டீச்சர் இது! அடியில இருக்கிற பல்லு துணியைத் தானா நகர்த்தும். கை சும்மா கூடப் போனா போதும். அவசரப்பட்டு இழுத்தா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போது சிரித்தமாதிரியும் இருந்தது.

வலி தணிந்ததும் இருதயராஜ் மறுபடி வகுப்புக்கு வந்து படுத்தார். கழுத்தில் அப்போதும் டேப் தொங்கியது. டீச்சர் துண்டை எடுக்கவில்லை. அந்த டேப்பையே உருவி அவர் பாதத்தில் மாட்டி, இரண்டு முனைகளையும் அவர் கையில் கொடுத்தாள். கால் கொஞ்சம் எழும்பியது. முட்டி லேசாக மடங்கியிருந்தது. அவர் அப்படியே நிறுத்தி மூச்சு விட்டார்.

"இப்ப எத்தனை இஞ்சுன்னு எப்படிப் பார்க்கிறது?"

"பார்க்க முடியாதுண்ணே."

அவர் டேப்பை இழுக்காமல் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வேகத்துல போனா, கல்யாணத்துக்குள்ள கவுனை முடிச்சிடுவேனா டீச்சர்?"

"ஊசி ஒடியாம இருந்தா முடிச்சிடலாம்ணே."