நாற்பது கால்களும் பத்து மோர்க் கலயங்களும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ராஜாவின் கால் சுளுக்கினால் நாட்டுக்கே சுளுக்கு. நாள் முழுவதும் ஊஞ்சலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெயில் படாமல் முன்னால் ஒரு படுதா தொங்கியது. அதன் அடியில் இருந்த இடைவெளியில், முற்றத்தில் போவோர் வருவோரின் கால்கள் மட்டும் தெரியும். வேறு வேலை இல்லாத ராஜா அவற்றை எண்ணத் தொடங்கினார். இரண்டே வாரத்தில் அது பைத்தியமாக முற்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்து விகடகவி அம்பலவன் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றான். அவன் மனைவி செங்கமலத்துக்கு எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும்; தாய்வீடோ இரண்டு மலைகளுக்கு அப்பால். மாட்டு வண்டிக் குலுக்கல் ஆகவே ஆகாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அரண்மனை டோலி ஒன்று தந்தால் போதும் என்று கேட்டான்.

பல்லக்குச் சாலையின் அதிகாரி கங்கராயர். அம்பலவன் பேச்சுக்குச் சபை சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். இப்போது அவர் முந்திக்கொண்டார்.

"பிரபு, நாளை உச்சிவேளையில் படுதாவுக்கு வெளியே வெறும் பல்லக்குகளும் டோலிகளும் நிற்கட்டும். பல்லக்கைத் தூக்க நான்கு பேர், டோலிக்கு இருவர். கால்களை மட்டும் பார்த்து, பல்லக்கு எத்தனை, டோலி எத்தனை என்று விகடகவி சொல்லட்டும். சரியாகச் சொன்னால் டோலி தரலாம். தவறினால், மனைவியை நடத்திக்கொண்டு பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே போகட்டும்."

கால் என்றதும் ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. சரி என்றார்.

மறுநாள் படுதாவின் அடியில் கால்கள் வரிசையாக நின்றன. ராஜா ஆசை தீர எண்ணினார். நாற்பது. ஆக, இருபது ஆட்கள். அம்பலவன் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தான். ஒரு பல்லக்கும் எட்டு டோலியும் என்றாலும் இருபது ஆட்கள்தான். இரண்டு பல்லக்கும் ஆறு டோலியும் என்றாலும் அதேதான். மூன்றும் நான்கும், நான்கும் இரண்டும், எல்லாமே பொருந்தின. எதைச் சொன்னாலும் ஒரு பல்லக்கை ஒளித்துவிட்டு இரண்டு டோலியை நிறுத்திவிடலாம்; கால் ஒன்றுகூடக் குறையாது. கங்கராயர் விரித்த வலை அதுதான். செங்கமலம் மலையேறி நடப்பதை நினைத்தபோது அவனுக்கு நாக்கு உலர்ந்தது.

நாக்கு உலர்ந்ததும்தான் வழி பிறந்தது.

"மகாராஜா, வெளியே நிற்பவர்களும் இந்த வெயிலில் தவிப்பார்கள். வாகனத்துக்கு ஒரு கலயம் மோர் அனுப்ப உத்தரவாக வேண்டும். பல்லக்கோ டோலியோ, ஒன்றுக்கு ஒன்று. தண்டில் கட்டித் தொங்கவிட்டால் போதும்."

மோர் கொடுக்காதே என்று ராஜா முன்னால் யார் சொல்வார்? மடைப்பள்ளி ஆட்கள் பத்துக் கலயங்களோடு போனார்கள், இரண்டோடு திரும்பினார்கள்.

அம்பலவன் முகம் தெளிந்தது. எட்டுக் கலயம் என்றால் எட்டு வாகனம். எட்டும் டோலியாக இருந்தால் பதினாறு ஆட்கள் போதும். நிற்பதோ இருபது பேர். மிச்சம் நான்கு பேர். டோலியைவிடப் பல்லக்குக்கு இரண்டு ஆள் கூடுதல். அப்படியானால் எட்டில் இரண்டு, பல்லக்கு.

"இரண்டு பல்லக்கு, ஆறு டோலி" என்றான்.

கங்கராயர் பலமாகக் கனைத்தார். வெளியே எட்டுக் கால்கள் நகர்ந்து போய், சற்று நேரத்தில் திரும்பி வந்தன. தோள் மாற்றுகிறார்கள் என்று ராஜா நினைத்துக்கொண்டார். படுதாவைத் தூக்கினார்கள்.

ஒரு பல்லக்கு, எட்டு டோலி.

கங்கராயர் பணிவாகத் தலை குனிந்து மீசைக்குள் சிரித்தார். ராஜாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. அம்பலவன் கைகூப்பி, போவதற்குமுன் கலயங்களையும் எண்ணச் சொன்னான். ராஜா எண்ணினார். ஏழு. இரண்டு டோலிகளில் கலயமே இல்லை.

"எட்டுக் கலயம் போனது, மகாராஜா. இந்த இரண்டு டோலியும் மோர் கொடுத்த பிறகு பிறந்தவை போலிருக்கிறது. எட்டாவது கலயம் எந்தப் பல்லக்கில் தொங்குகிறது என்று தேடச் சொல்லுங்கள்."

காவலர்கள் ஓடினார்கள். யானைக் கொட்டிலின் பின்புறம் ஒரு பல்லக்கு அநாதையாகக் கிடந்தது. தண்டில் கலயம் ஆடிக்கொண்டிருந்தது. எட்டுக் கால்கள் போய் வந்தது எதற்கு என்று ராஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சுளுக்கை மறந்து எழுந்து நின்று சிரித்தார், வலித்ததும் உட்கார்ந்து சிரித்தார். கோடை முடியும்வரை பல்லக்குத் தூக்குபவர்களுக்கு உச்சிவேளை மோரைக் கங்கராயரே சுமந்து கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அம்பலவனுக்கு ஒரு பட்டுச் சால்வை அளித்து, டோலிக்குப் பதிலாகப் பல்லக்கே தருவதாகச் சொன்னார்.

சால்வையை வாங்கிக்கொண்ட அம்பலவன், "டோலியே போதும், மகாராஜா. கூட இரண்டு பேர் வந்தால் என் மாமியார் உலை வைத்து மாளாது" என்றான்.

மறுநாள் காலை படுதாவின் அடியில் ஆறு கால்கள் மெல்லக் கடந்து போயின. எத்தனை பேர் போகிறார்கள் என்று ராஜா கேட்டார். காவலன் எட்டிப் பார்த்து, டோலி தூக்குபவர் இருவர், கூட நடக்கும் விகடகவி, உள்ளே அவர் மனைவி, ஆக நான்கு பேர் என்றான்.

ராஜா ஊஞ்சல் குலுங்கச் சிரித்தார்.

"ஐந்து பேரப்பா. வழிக்கு மோர் அனுப்பும்போது ஐந்து கலயமாகவே அனுப்பு."