நேரம் சரியில்லை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஈரோட்டில் அந்தக் கம்பெனியில் பதினொரு நாள் வேலை பார்த்த என் அறைத்தோழன் சொன்னது. அவன் கூட்டிச் சொல்லியிருந்தால் பாவம் அவனுக்கு.

கம்பெனியில் அவனைத் தவிர மூன்று பேர்: தலைமைக்குத் தீர்த்தகிரி, அவருக்குக் கீழே நாச்சிமுத்து, குப்புராஜ். அவர்கள் செய்தது குறிப்பு எழுதிவைக்கும் செல்போன் செயலி. அதை வாங்கியவர் ஒரே ஒருவர், சமையல் ஆர்டர் எடுக்கும் செங்கமலம். ஆர்டரை அவர் அதில் எழுதுவார்; சமையல் மாஸ்டர் அதைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்.

ஒரு புதன்கிழமை அவரிடமிருந்து புகார் வந்தது: "காலை ஏழு என்று போட்டால் மாலை ஏழு என்று விழுகிறது. நேரம் சரியில்லை. வெள்ளி காலை வளைகாப்புக்கு முந்நூறு இட்லி. அதற்குள் சரியாகாவிட்டால் நோட்டுப் புத்தகத்துக்கே போய்விடுவேன்."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"அக்காவுக்கு நேரம் சரியில்லையாமுங்க," என்றான் நாச்சிமுத்து.

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றான் குப்புராஜ்.

"இருக்கறது ஒரே வாடிக்கைடா. ராசியக் கேளு," என்றார் தீர்த்தகிரி.

போன் போட்டுக் கேட்டார்கள். பாஸ்வேர்டுக்கான கேள்வி என்று நினைத்து அவரும் "கன்னி, அஸ்தம்" என்றார். ஜோசியர் பரிகாரம் சொன்னார். மூவரும் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றினார்கள்.

வியாழக்கிழமை செங்கமலம் கூப்பிட்டார். "சரி பண்ணியாச்சா?"

"ஆச்சுங்கக்கா," என்றான் நாச்சிமுத்து. "வெள்ளி பன்னெண்டுக்கு மேல உங்களுக்கு நல்ல நேரமுங்க."

"அட கூறுகெட்டவனுகளா! ஏழு மணிக்கு இட்லி போகோணும். எனக்குக் காலை ஏழுன்னு விழுந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்!"

இப்போதுதான் வேலை தெளிவாகப் புரிந்தது. காலை ஏழு விழ வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். நாச்சிமுத்து அரை மணியில் முடித்தான். காலை ஏழு போட்டார்கள்: காலை ஏழு. மதியம் ஒன்று போட்டார்கள்: காலை ஏழு.

"எதைப் போட்டாலும் பிசகலைங்க!" என்று குப்புராஜ் கண்கலங்கினான்.

வெள்ளிக்கிழமை இட்லி சரியாக ஏழு மணிக்குப் போனது. ஓர் அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்கு நடக்கவிருந்த பணி ஓய்வு விழாவுக்கான பஜ்ஜியும் அதே ஏழு மணிக்குப் போனது. ஆறிவிடுமே என்று வாட்ச்மேன் எல்லோரையும் போன் போட்டு வரவழைக்க, விழா அப்போதே நடந்தது. செங்கமலம் அன்றே நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்.

காலை ஏழரைக்கு ஓய்வு பெற்ற கிளார்க், இன்றைய வேலைநாள் பாக்கி இருக்கிறதே என்று ஒன்பதே முக்காலுக்குக் கழுத்தில் மாலையோடு வேலைக்கு வந்தாராம். இதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. அந்த அலுவலகத்துக்கே போய் விசாரித்தேன். நண்பன் சொன்னது தவறு. பத்து ஐந்துக்குத்தான் வந்திருக்கிறார். தாமதம் என்று அரை நாள் விடுப்பைக் கழித்துவிட்டார்கள்.